பதினேழாவது கும்பம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு மலை இடக்கைப் பக்கமாகக் கூடவே வரும். மேற்கிலிருந்து கிளம்பும் மேகங்கள் முகட்டுக்கு அந்தப் புறத்திலேயே பெய்து தீர்ந்துவிட்டு, இந்தப் பக்கம் வெறும் நிழலாக இறங்கும். இந்தச் சரிவுக்கு மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும்தான். அந்த நாட்களில் மலையின் மடிப்புகளிலிருந்து ஓடைகள் இரைந்துகொண்டு வந்து, மாந்தோப்புகளை நனைத்து, கண்மாய்களில் அடங்கும். பயணிக்கு மலை ஒரு நீலச் சுவர். அந்தச் சுவரில் எத்தனையோ வாசல்கள் இருப்பதும், ஒவ்வொன்றுக்கும் மலைக்குடிகளான பளியர்களிடம் ஒரு பெயர் இருப்பதும் கீழே உள்ளவர்களுக்குத் தேவைப்படாத விஷயங்கள்.

மலைக்கு எல்லை வகுத்தவன் வெள்ளைக்காரன். சங்கிலி பிடித்து அளந்த அவனுடைய ஆட்கள் அடிவாரம் நெடுகக் கற்களை இடுப்பளவு குவித்து, சுண்ணாம்பு அடித்து, எண் எழுதிவிட்டுப் போனார்கள். கல்கும்பம் என்று அதற்குப் பெயர். கும்பத்துக்கு மேலே அரசாங்கக் காடு. கீழே மற்றவர்களின் நிலம். பளியர்களின் பாட்டன்மார் அதைப் புரிந்துகொண்ட விதம் வேறு. அவர்கள் இறந்தவர்களைப் புதைத்து, மேலே ஓடைக்கற்களை இடுப்பளவு குவிப்பவர்கள். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். பிணம் கிடந்த இடத்துக்கு நேர்மேலே கூரையிலிருந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி எறிந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடையைத் தாண்டிப்போய் மறுகரையில் குடிசை போடுவார்கள். ஒரே பருவத்தில் அடிவாரம் முழுவதும் வெள்ளைக் கும்பங்கள் முளைத்ததைக் கண்டு, துரையின் ஆட்கள் கொள்ளைநோயில் கூட்டம் கூட்டமாக மடிந்துபோனார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். அந்நியரின் சாவுக்கும் உரிய மரியாதையைச் செய்து, அந்தச் சரிவையே விட்டு ஓடைகளுக்கு அப்பால் போனார்கள். பிறகு, காட்டில் யாருக்காவது பாத்தியதை உண்டா என்று விசாரிக்க வந்த துரைக்குப் பதில் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. ஆளில்லாக் காடு என்று முடிவாயிற்று.

வாழைக்கல் காலனியில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் யாராவது கிழங்கைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள்.

எண்பதுகளின் கடைசியில் மலையைச் சரணாலயம் என்று அறிவித்த பிறகு, மேலே புடவு என்னும் பாறைக் குகைகளிலும் புல்குடிசைகளிலும் இருந்தவர்களைக் கீழே கொண்டுவந்து கட்டிக்கொடுத்த காலனி அது. ஓடைக்கும் கும்பங்களின் எல்லைக் கோட்டுக்கும் நடுவே கான்கிரீட் கூரை போட்ட சின்னச் சின்ன வீடுகள். காலனியில் குடியிருப்பவர்கள் மட்டும் மலையேறி நெல்லிக்காயும் கடுக்காயும் பொறுக்கலாம், கிழங்கு தோண்டலாம். அடுப்பு எரியாத வீடு ஆளில்லாத வீடு. அந்த வீட்டுக்காரருக்கு மலையும் இல்லை. இந்த விதி வந்த முதல் கோடையில் தவசிமுத்து இறந்தார். கூரையில் பிடுங்கப் புல் இல்லாததால் அவருடைய மக்கள் சுவரிலிருந்து கொஞ்சம் காரையைச் சுரண்டி எறிந்துவிட்டு, வழக்கப்படி ஓடையைத் தாண்டினார்கள். அடுத்த வாரம் வந்த வன அதிகாரி புகை வராத அந்த வீட்டை அக்கரை மாந்தோப்புக்காரருக்குச் சாமான் வைக்கக் கொடுத்துவிட்டார். தவசிமுத்துவின் குடும்பம் இன்றும் தோப்பு வேலியோரம் பாலித்தீன் விரிப்புக்கு அடியில் இருக்கிறது. அவருடைய வீட்டில் எருமூடைகள் இருக்கின்றன.

தொண்ணூறாம் வருடத்து ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. சிவனாண்டியின் நான்கு வயது மகள் சோலைச்சிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது அப்போதுதான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் ஓடையைத் தாண்டித்தான் சாலைக்குப் போகவேண்டும். ஓடை மரங்களை உருட்டிக்கொண்டு போனது. சிவனாண்டி மகளைத் துண்டால் முதுகில் கட்டிக்கொண்டு நீரில் இறங்கினான். மார்பளவு போனதும் கால் நிலைகொள்ளாமல் திரும்பி வந்தான். மறுநாளும் இறங்கிப் பார்த்தான். மூன்றாம் நாள் பிற்பகலில், கரையில் நீர் வடிவதைப் பார்த்துவிட்டு அவன் வீட்டுக்குள் வந்தபோது, அவன் மனைவி வேலுத்தாய் மகளின் பாதங்களைத் தேய்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

அவள் எழுப்பிய முதல் ஓலம் ஓடையின் இரைச்சலைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். சிவனாண்டி பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான்.

"சத்தம் போடாதட்டி. அக்கரையில தோப்பாளுக நிக்காக."

அவள் அவன் கையைக் கடித்தாள். அவன் எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆவுடையம்மாள் ஓடிவந்து பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

"ஓடை வடிஞ்சதும் அதிகாரி வருவாரு," என்றான் சிவனாண்டி. "இந்த மழைக்கு எத்தன வீடு நிக்கு, எத்தன வீட்ல ஆளு இருக்குன்னு பாக்க வாரதாச் சொல்லியிருக்காரு. நாம இங்கதான் இருக்கணும். அடுப்பு எரியணும்."

"நீ மனுசந்தானா மாமா?" வேலுத்தாய் நிமிர்ந்தாள். "பிள்ளை கெடக்கா. ஒடம்புச் சூடு இன்னும் போகல. அதுக்குள்ள அடுப்பா?"

"இப்ப மூட்டச் சொல்லல. மண்ணுல வச்சிட்டு வந்த பொறவு."

"எப்ப மூட்டுனாலும் இந்த வீட்லதான மூட்டப்போறே? செத்த எடத்துல பொகை எந்திரிச்சா பிள்ளை போவாது. வாசல்லயே நின்னு பசிக்கிதுன்னு அழும். ஒனக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும்."

"தவசிமுத்து மாமன் வீட்டுக்குள்ள இப்ப என்ன கெடக்கு?"

அவள் மகளின் பாதங்களை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லுட்டி. என்ன கெடக்கு?"

"எருமூடை."

"அவுக மகன் நெல்லிக்காய்க்கு மலையேறுனா வாச்சரு என்ன சொல்லுதாரு? நீ காலனி ஆளு இல்லலே, கீழ எறங்குங்காரு. இந்த வீடு போச்சுன்னா நமக்கு மலை போச்சு. பொறவு ஆயுசுக்கும் தோப்புல எரு சொமக்கணும். நம்ம பாட்டன்மாரு தாண்டித் தாண்டித்தான் இங்க வந்து நிக்கோம். இன்னும் எங்க தாண்ட?"

"எனக்கு மலையும் வேண்டாம், மயிரும் வேண்டாம். எம்பிள்ளை போவணும்."

ஆவுடையம்மாள் குறுக்கே பேசினாள். "ரெண்டு பேரும் செத்த நேரம் சும்மா இருங்க. மொதல்ல பிள்ளைய எங்க வைக்கன்னு பாருங்க."

மேலே, கோட்டுக்கு அப்பால், இலுப்பை மரங்களுக்குக் கீழே அவர்களுடைய முன்னோர் கிடக்கும் இடம் இருந்தது. மாலையில் மழை தூறலாகக் குறைந்தபோது, சிவனாண்டி மகளைப் பழைய சேலையில் சுற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு ஏறினான். கோட்டருகே ஓலைக் கொட்டகையிலிருந்து வனக் காவலுக்கு இருந்த வாச்சர் காசிராஜன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். மகாராஜபுரத்துக்காரன். தினக்கூலிக்கு வாச்சராகச் சேர்ந்து பல வருடங்களாகியும் வேலை நிரந்தரமாகாதவன்.

"தூங்குதாளோ?" என்று கேட்டான். பிறகு, தொங்கிய காலைப் பார்த்தான். சாக்கைத் தலையிலிருந்து எடுத்தான். "எப்பம்?"

"மத்தியானம்."

"மேல விட முடியாது சிவனாண்டி. குழி தோண்டுனா எனக்குச் சோறு போயிரும். முந்தியே சொல்லிட்டாக."

"எங்க அய்யா அங்கதான் கெடக்காரு."

"அவரு சரணாலயத்துக்கு முந்திச் செத்தவரு." தன் வாயிலிருந்து வந்த சொற்களைக் கேட்டுக் காசிராஜனே ஒரு கணம் திகைத்து நின்றான். பிறகு இறங்கி வந்து, ஓடையோரத்தில் ஒரு மேட்டைக் காட்டினான். "இங்க வையி. இது கோட்டுக்குக் கீழ. பொறம்போக்கு. இங்க ஒருத்தனும் கேக்க மாட்டான். நானே தோண்டித் தாரேன்."

நேர்மேலே, பதினேழாவது கும்பம் நின்ற கரையை ஓடை அறுத்துக்கொண்டு போயிருந்தது. கும்பத்தின் ஒரு கல்கூட அங்கே இல்லை. காசிராஜன் அதைப் பார்த்து, தனக்குத்தானே ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்தான். வெள்ளம் ஒதுக்கிப்போட்டிருந்த கற்களை இருவருமாகச் சுமந்து இடுப்பளவு குவித்தார்கள். சில கற்களின் ஒரு பக்கத்தில் பழைய சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

சிவனாண்டி வீட்டுக்குத் திரும்பி, வேலுத்தாயைக் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தான்.

"அந்தா பாரு. வாசல்ல நின்னா தெரியுது. கோட்டுக்கு இந்தப் பக்கம். நீ நெனச்சப்ப போயி உக்காரலாம். வாச்சரு, அதிகாரி, ஒருத்தனும் தடுக்க முடியாது. ஓடையத் தாண்டிட்டம்னா அதுவும் இல்ல. தோப்புக்காரன் வேலிக்கு அங்கிட்டு நின்னுதான் பாக்கணும்."

அவள் வெகுநேரம் அந்தக் குவியலைப் பார்த்தாள். மழை மறுபடியும் வலுத்து, அது கண்ணிலிருந்து மறைந்தது. இருட்டில் கற்கள் தெரியாமல் போன பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், நனைந்த சுள்ளிகளை அடுப்பில் அடுக்கி ஊதத் தொடங்கினாள். புகைதான் வந்தது. புகை கண்ணில் பட்டால் அழலாம் என்பதால் அவள் அதை நெருப்பாக்க அவசரப்படவில்லை.

ஓடை வடிந்த அன்று முதலில் வந்தவர் அக்கரைத் தோப்பின் மேற்பார்வையாளர் பொன்னுராஜ். வேட்டியை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கூரையாகப் பார்த்தபடி வந்தார்.

"ஏலே சிவனாண்டி, அன்னைக்கு இந்தப் பக்கம் ஒரு பொம்பளை கத்துன சத்தம் கேட்டுதே. என்னலே விசேசம்?"

சிவனாண்டி வாய் திறக்குமுன் ஆவுடையம்மாள் முறத்தோடு வெளியே வந்தாள். "நாந்தான் கத்துனேன். எம்புருசன் அடிச்சாரு."

"அடிச்சா அப்படியாட்டி கத்துவ? உசுரு போற மாதிரில்லா கேட்டுச்சு."

"உங்க வீட்ல அடிச்சுப் பாருங்க. எப்படிக் கத்துதாகன்னு தெரியும்."

பொன்னுராஜ் சிரித்தார். சிரித்துக்கொண்டே சிவனாண்டியின் வீட்டு வாசலில் எட்டிப் பார்த்தார். "நல்ல வீடு. எங்க முதலாளியம்மா சொல்லிக்கிட்டே இருக்காக, எரு வைக்க எடம் பத்தலன்னு. உங்க ஆளுகளுக்குத்தான் ஒரே எடத்துல இருக்கத் தரிக்காதே. எப்பலே தாண்டுதிய?"

"நாங்க எங்கயும் போகலங்க."

"பாப்பம், பாப்பம்."

அன்று முற்பகலிலேயே வன அதிகாரியின் ஜீப் அக்கரையில் நின்றது. அதிகாரி இளவயதுக்காரர், நல்ல மனிதர் என்றே பெயர். கழுத்தில் கேமரா தொங்கியது. சென்னைக்கு அனுப்பும் அறிக்கையில் மலைவாசிகளின் புது வாழ்வைப் படத்தோடு காட்டவேண்டும் என்று அவருக்கு ஆசை. பொன்னுராஜ் அவர் பின்னாலேயே வந்தார்.

"அய்யா, இந்த வீட்ல சாவு விழுந்திருக்கும்னு எனக்கொரு சந்தேகம். விழுந்திருந்தா நாளைக்கே கெளம்பிருவாக. வீணா ஒரு தடவை வந்து, பூட்டி, மறுபடி வந்து... உங்களுக்குத்தான் அலைச்சல்."

"புகை வருதே," என்றார் அதிகாரி. பிறகு சிவனாண்டியிடம் கேட்டார். "உனக்கு ஒரு பொண்ணு இருந்தாளே? போன தடவை என் தொப்பியைப் பிடிச்சு இழுத்தாளே, அவ எங்கே?"

சிவனாண்டி தரையைப் பார்த்தான்.

"எங்க வீட்ல வெளையாடுதாய்யா," என்றாள் ஆவுடையம்மாள். "குளிப்பாட்டிக் கூட்டியாரேன். ஏட்டி வேலுத்தாயி, ஒம்மவ சட்டையக் குடு."

வேலுத்தாய் அசையவில்லை. ஆவுடையம்மாள் அவளை இடித்துக்கொண்டு உள்ளே போய், கொடியில் கிடந்த பூப்போட்ட கவுனை எடுத்தாள். தோப்பு வீட்டம்மா 'பாபம்' என்று தெலுங்கில் இரங்கிக் கொடுத்தனுப்பிய பழைய துணிகளில் ஒன்று அது. சோலைச்சிக்குத் தொளதொளவென்று இருந்ததால் தோளில் ஊக்கு குத்தியிருந்தார்கள். சற்று நேரத்தில் ஆவுடையம்மாளின் இளைய மகள் அந்தக் கவுனில் வந்தாள். அவளுக்கு அது சரியாக இருந்தது, ஊக்கைக் கழற்றியிருந்தார்கள்.

"வளர்ந்துட்டாளே," என்றார் அதிகாரி.

"நல்லாச் சோறு திங்காள்லாய்யா," என்றாள் ஆவுடையம்மாள், பிள்ளையை வேலுத்தாயின் இடுப்பில் ஏற்றியபடி.

வேலுத்தாயின் கை தானாகவே வளைந்து அந்த எடையைத் தாங்கிக்கொண்டது. அதிகாரி அவர்களை அடுப்புக்கு முன்னால் நிறுத்தினார். சிவனாண்டியைப் பக்கத்தில் வரச் சொன்னார். பானையின் மூடியை எடுத்து ஆவி தெரியும்படி வைக்கச் சொன்னார். உள்ளே காட்டுவள்ளிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. கேமராவைக் கண்டதும் பிள்ளை மிரண்டு, ஆவுடையம்மாளைப் பார்த்து இரு கையையும் நீட்டி அழத் தொடங்கியது.

"என்னப்பா, அம்மா இடுப்புல இருக்கும்போதே அந்தம்மாகிட்டத் தாவுது?"

"தூக்கி வளத்தவ நாந்தானய்யா. பெத்தவள விட எங்கிட்ட அம்புட்டுப் பாசம்."

"பிள்ளையைக் கொஞ்சம் சமாதானப்படுத்தும்மா. அழற பிள்ளையப் படம் எடுக்க முடியாது."

வேலுத்தாய் அந்தப் பிள்ளையின் காதோரம் குனிந்து ஏதோ சொன்னாள். அது சொல்லா, வெறும் மூச்சா என்று பக்கத்தில் நின்ற சிவனாண்டிக்கே கேட்கவில்லை. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தது.

"அப்படித்தான். சிரி."

வெளிச்சம் ஒருமுறை மின்னியது. பொன்னுராஜ் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே போனார். அதிகாரி சிவனாண்டியின் தோளைத் தட்டினார்.

"இப்படி இருந்தா உங்களை யாரும் அசைக்க முடியாது. மத்தவங்களுக்கும் சொல்லு."

அவர்கள் ஓடையைக் கடந்து போனதும் ஆவுடையம்மாள் தன் மகளை வாங்க வந்தாள். வேலுத்தாய் கொடுக்கவில்லை. ஒரு நாழிகை நேரம் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

அதன்பின் வேலுத்தாய் வழக்கமாகச் செய்தது இரண்டு வேலைகள். காலையில் அடுப்பை மூட்டுவாள். உச்சிப்பொழுதில் வெந்த கிழங்கை உரித்து ஓர் இலையில் வைத்து எடுத்துக்கொண்டு, மேட்டிலிருந்த கற்குவியலுக்குப் போவாள். பிள்ளை போகாமல் நின்றுவிட்டால் பசிக்குமே என்பது அவள் கணக்கு. போகும்போது காசிராஜன் கொட்டகையிலிருந்து பார்ப்பான். கார்த்திகை கழிந்தது, மார்கழிப் பனி கழிந்தது. அந்தக் கற்களுக்கும் அவள் முழங்காலுக்கும் ஒரே நிறம் வந்தது.

தை மாதத்தில் புல் காயத் தொடங்கியதும், காட்டுத்தீ வருமுன் எல்லைக் கோட்டைச் செதுக்கிச் சுத்தம் செய்து, கும்பங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலை வந்தது. காலனி ஆட்களுக்குத்தான் கூலி. சிவனாண்டி சுண்ணாம்பு வாளியும் தேங்காய்நார் மட்டையுமாகப் போனான். அதிகாரி நேரில் பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்ததால் காசிராஜன் காலையிலிருந்தே நிலைகொள்ளாமல் இருந்தான். வெள்ளம் பதினேழாவது கும்பத்தைக் கொண்டுபோனதை அவன் மேலே சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால், மழையில் ஏன் காவல் பார்க்கவில்லை என்று கேட்பார்கள். இந்த வருடம் வேலை நிரந்தரமாகும் என்று யாரோ அவனுக்கு ஆசை காட்டியிருந்தார்கள்.

பதினாறாவது கும்பத்தைப் பார்த்துவிட்டு அதிகாரி நடந்தார். ஓடையோரத்தில் நின்று சுற்றிப் பார்த்தார்.

"அடுத்தது எங்கே?"

காசிராஜன் தொண்டையைக் கனைத்தான். அவன் கண்கள் மேட்டின்மேல் போய் நின்றன. சிவனாண்டி வாளியோடு பின்னால் வந்துகொண்டிருந்தான்.

"அந்தா, அதுதாங்கய்யா பதினேழு. சுண்ணாம்பெல்லாம் மழையில கரைஞ்சு போச்சு."

அதிகாரி இறங்கிப்போய்ப் பார்த்தார். கற்களின் ஓரத்தில் பழைய சுண்ணாம்பு இருந்தது. மேலே ஓர் இலையில் காய்ந்த கிழங்குத் தோல் ஒட்டியிருந்தது. "இவ்வளவு கீழேயா? மேலே இருந்ததா ஞாபகம்." அவர் திரும்பிச் சிவனாண்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நீயா! உன் பொண்ணு படம் பிரமாதமா வந்திருக்குப்பா. மேலிடத்துல எல்லாருக்கும் காட்டினேன். எப்படி இருக்கா?"

"இருக்காய்யா."

"நீ இந்த இடத்து ஆள். நீயே சொல்லு. இது நம்ம கும்பம்தானா?"

காசிராஜன் சிவனாண்டியின் முகத்தைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்தான். சுண்ணாம்பு வாளியில் அடங்கிப் பால்போல் கிடந்தது. கும்பமில்லை என்றால் என்ன என்று கேட்பார். சமாதி என்றால் யாருடையது என்று கேட்பார். படத்தில் சிரித்த பிள்ளை யார் என்று கேட்பார்.

"ஆமாங்கய்யா," என்றான் சிவனாண்டி. "கும்பந்தான்."

"அப்ப நல்லா அடி. நம்பர் தூரத்துலருந்தே தெரியணும்." அதிகாரி கையை வீசி ஒரு கோடு காட்டினார். "காசிராஜன், முள்ளுவேலி இதுக்கு இந்தப் பக்கமா வரணும். காய் பொறுக்க நீ விடுற நேரம் தவிர, இதிலிருந்து மேலே ஒருத்தரும் கால் வைக்கக்கூடாது. யாரோ இங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருக்காங்க, பாரு."

இலையை அவர் காலால் தள்ளிவிட்டார். அவர் போன பிறகு, காசிராஜன் குவியலருகே வந்தான்.

"ஏலே சிவனாண்டி, எனக்கும் பிள்ளைக இருக்கு," என்றான்.

"தெரியும். தள்ளி நில்லுங்க, மேல தெறிக்கும்."

அவன் மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி, கீழ்க்கல்லிலிருந்து தொடங்கினான். இடுக்குகள் விடாமல் அடித்தான். உச்சிக்கல்லுக்கு வந்தபோது, அது ஆடியதால், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அடித்தான். காய்ந்ததும் காசிராஜன் தாரில் குச்சியை முக்கி 17 என்று எழுதினான்.

மாலையில் சிவனாண்டி வீட்டுக்கு வந்தான். சுண்ணாம்பு தின்ற விரல்கள் வெடித்திருந்தன. வேலுத்தாய் வாசலில் நின்றிருந்தாள். வெயில் சாய்ந்து மலை கறுத்திருந்தது. அந்தக் கறுப்பில் குவியல் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் இரண்டு ஆட்கள் உடைமர முள்ளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் செம்பில் தண்ணீர் எடுத்து அவன் கைகளில் ஊற்றினாள்.

"நீயா அடிச்ச மாமா?"

"நாந்தான்."

"மழைக்குப் போயிருமா?"

"போவாது. ரெண்டு பூச்சு அடிச்சிருக்கு."

செம்பில் மிச்சமிருந்த தண்ணீரோடு அவள் உள்ளே போனாள். அடுப்பு சீறி அணையும் சத்தம் கேட்டது. சட்டியையும் ஒரு சேலையையும் எடுத்துக்கொண்டு வந்தவள், வாசலில் நின்று, சுவரில் விரல் நகத்தால் கொஞ்சம் காரையைச் சுரண்டி எறிந்தாள்.

"வேலுத்தாயி, காலையில பொகை இல்லன்னா..."

"பொகைக்கு இங்க யாரு இருக்கா?" என்றாள் அவள்.

ஓடையில் அப்போது முழங்கால் நீர்கூட இல்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் தாண்டினாள். சிவனாண்டி வீட்டுக்கும் ஓடைக்கும் நடுவில், இருட்டு அவனை மூடும்வரை நின்றான். பிறகு அவனும் போனான்.

மறுநாள் முற்பகலில் பொன்னுராஜ் ஆட்களோடு வந்தார். அடுப்பில் கை வைத்துப் பார்த்து, சிரித்து, தலையை ஆட்டிக்கொண்டார். முதல் மூடையை எங்கே இறக்குவது என்று ஆட்கள் கேட்டார்கள். பிள்ளை படுத்திருந்த மூலையைக் காட்டினார். அங்கேதான் தரை சமமாகவும் ஈரமில்லாமலும் இருந்தது.